புகைபோக்கியற்ற எரிவாயுக் கணப்பு

புகைபோக்கியற்ற எரிவாயுக் கணப்பு என்பது, இயற்கை எரிவாயுவையோ நீர்மப் பெட்ரோலிய வாயுவையோ (எல்பிஜி) அறைக்குள் எரித்து, அவ்வெரிதலில் உண்டாகும் வெப்பத்தையும் கழிவு வளிமங்களையும் ஒருசேர அந்த அறைக்குள்ளேயே வெளிவிடும் சூடேற்றும் கருவியாகும். பேச்சு வழக்கில் இது கேஸ் ஹீட்டர் என்று அழைக்கப்படுகிறது. குளிர்காலம் உள்ள நாடுகளில் வீடு, வகுப்பறை, கடை, விடுதி முதலிய இடங்களில் இது பயன்படுகிறது. விலை குறைவு, சுவரையோ கூரையையோ துளைத்துக் குழாய் அமைக்க வேண்டியதில்லை, மின்சாரம் இல்லாதபோதும் இயங்கும் ஆகிய காரணங்களால் இது விரும்பப்படுகிறது.

விறகு அடுப்பின் புகை கண்ணில் படும், மூக்கில் ஏறும். எரிவாயுவின் கழிவு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதனாலேயே எரிவாயு புகையில்லா எரிபொருள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் எரிகின்ற எப்பொருளும் கழிவைத் தந்தே தீரும். புகைபோக்கியுள்ள கணப்பில் அக்கழிவு வீட்டிற்கு வெளியே செல்கிறது. புகைபோக்கியற்ற கணப்பில் அது அறையில் உள்ளோரின் மூச்சுக்காற்றில் கலக்கிறது. கழிவு நீர்த்துப் போவதற்கு அறையின் காற்றோட்டம் ஒன்றே வழியாகும். குளிருக்கு அஞ்சிக் கணப்பை ஏற்றுபவர் அதே அச்சத்தால் சன்னல்களையும் அடைக்கிறார் என்பதே இக்கருவியின் அடிப்படைச் சிக்கல்.

வகைகள்

அமைப்பைப் பொறுத்து இவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகையில் எரிவாயு நீலச் சுடராக எரிந்து காற்றைச் சூடாக்குகிறது. இரண்டாம் வகையில் துளைகள் நிறைந்த பீங்கான் தகட்டின் மேற்பரப்பில் எரிதல் நிகழ்கிறது. தகடு செந்தணலாகி அகச்சிவப்புக் கதிர்களை வீசுவதால் எதிரில் அமர்ந்திருப்பவர் உடனே வெப்பத்தை உணர்வார். மூன்றாம் வகையில் பிளாட்டினம் போன்ற வினையூக்கி பூசப்பட்ட பரப்பில், சுடரே இன்றி எரிதல் நிகழ்கிறது.

நிறுவும் முறையைப் பொறுத்துச் சுவரில் பொருத்தப்பட்டவை, உருளைகளைத் தன் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு சக்கரங்களில் நகர்பவை எனவும் பிரிப்பர். நியூசிலாந்தில் 9 கிலோகிராம் உருளையுடன் கூடிய நகரும் வகை நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் செயற்கை விறகுக் கட்டைகளுக்கிடையே சுடர் எழும் அலங்கார வகையும் உண்டு.

இதே கருத்தில் அமைந்த மண்ணெண்ணெய்க் கணப்புகள் சப்பானில் மிகுதி. அங்கு விற்கப்படும் விசிறியுடன் கூடிய மண்ணெண்ணெய்க் கணப்புகள், யாரும் பொத்தானை அழுத்தாவிட்டால் 3 மணி நேரத்தில் தாமாகவே அணைந்துவிடும். கணப்பை ஏற்றியவர் தூங்கிவிடக்கூடும் என்பதைக் கருத்தில் கொண்ட நல்ல வடிவமைப்பு இது.

எரிதலின் கணக்கு

எல்பிஜி என்பது புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை. புரொப்பேனின் ஒரு மூலக்கூறு முழுமையாக எரிய ஐந்து ஆக்சிசன் மூலக்கூறுகள் தேவை. விளைவாக மூன்று கார்பன் டைஆக்சைடு மூலக்கூறுகளும் நான்கு நீர் மூலக்கூறுகளும் கிடைக்கின்றன. எடைக்கணக்கில், 1 கிலோகிராம் புரொப்பேன் எரிந்தால் 3 கிலோகிராம் கார்பன் டைஆக்சைடும் ஏறத்தாழ 1.6 கிலோகிராம் நீராவியும் உண்டாகும். எரிபொருளைவிட அதன் கழிவு எடை மிகுந்தது என்பது முதலில் வியப்பளிக்கும். காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட ஆக்சிசனின் எடையே இதற்குக் காரணம்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 3 கிலோவாட் திறனுள்ள கணப்பு மணிக்குச் சுமார் 220 கிராம் புரொப்பேனை எரிக்கும். 12 சதுர மீட்டர் தரைப்பரப்பும் 2.5 மீட்டர் உயரமும் கொண்ட அறையின் கொள்ளளவு 30 கன மீட்டர். காற்று சிறிதும் உட்புகாத வகையில் இவ்வறை அடைக்கப்பட்டிருப்பதாகக் கொண்டால், ஒரு மணி நேரத்தில் கார்பன் டைஆக்சைடின் அளவு 1.2 விழுக்காடு உயரும். ஆக்சிசன் 20.9 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 19 விழுக்காடாகக் குறையும். தொழிலிடங்களில் 8 மணி நேர வேலைக்குப் பல நாடுகள் வகுத்துள்ள கார்பன் டைஆக்சைடு வரம்பு 0.5 விழுக்காடு என்பதை இதனுடன் ஒப்பிடலாம். அவ்வரம்பு அரை மணி நேரத்திற்குள் கடக்கப்பட்டுவிடுகிறது.

உண்மையில் எந்த அறையும் முழுமையாக அடைபடுவதில்லை. கதவிடுக்கு, சன்னல் சட்டம் ஆகியவற்றின் வழியே காற்று கசியும். நன்கு அடைக்கப்பட்ட அறையில் மணிக்கு அறைக்காற்றின் பாதியளவு மாறுவதாகக் கொள்வோம். அவ்வாறாயின், அணையாமல் எரியும் இதே கணப்பு ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் ஆக்சிசனை 18 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்துவிடும். ஓர் இரவுத் தூக்கம் அதைப்போல் மூன்று மடங்கு நீளமுடையது.

இக்கணக்கு கடல் மட்டத்திற்குரியது. மலைப்பகுதிகளில் காற்றின் அடர்த்தி குறைவு. 2,300 மீட்டர் உயரத்தில் அதே அறையில் இருக்கும் ஆக்சிசனின் மொத்த அளவு, கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கே. குளிர் மிகுந்து கணப்பு அதிகம் தேவைப்படும் இடங்கள் பெரும்பாலும் உயரமான இடங்களே.

இத்தகைய கணப்புகளின் விளம்பரங்களில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட திறன் குறிப்பிடப்படுவதுண்டு. இது பொய்யன்று. வெப்பம் எதுவும் புகைபோக்கி வழியே வீணாவதில்லை. ஆயினும் காற்றோட்டத்திற்காகச் சன்னலைத் திறந்து வைக்குமாறு அதே கருவியின் கையேடு கூறுகிறது. அச்சன்னல் வழியே வெளியேறும் வெப்பம் இந்தத் திறன் கணக்கில் சேர்வதில்லை.

கார்பன் மோனாக்சைடு

மேலே கூறப்பட்டது முழுமையான எரிதல். ஆக்சிசன் போதாதபோதும், சுடர் முழுமையாக எரியுமுன் குளிர்ந்துவிடும்போதும், கார்பன் பாதி வழியிலேயே நின்று கார்பன் மோனாக்சைடாக வெளிப்படுகிறது. இவ்வளிமத்திற்கு நிறம், மணம், சுவை எதுவும் இல்லை. எல்பிஜி கசிந்தால் மூக்கைத் துளைக்கும் நாற்றம் அதில் சேர்க்கப்படும் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தினுடையது. அது சுடரில் எரிந்துபோவதால் கழிவு வளிமத்தில் அந்த எச்சரிக்கை இருப்பதில்லை. கேஸ் நாற்றம் இல்லை, ஆகவே ஆபத்தில்லை என்று கருதுவது உயிருக்கு உலை வைக்கும் தவறு. கசிவும் நச்சுவளிமமும் இரு வேறு ஆபத்துகள்.

கார்பன் மோனாக்சைடு கனமானது, தரையில் தங்கும் என்ற கருத்தும் தவறானதே. அதன் அடர்த்தி காற்றின் அடர்த்தியில் 97 விழுக்காடு. ஆகவே அது அறை முழுதும் கலந்து நிற்கும். தரையில் தங்குவது எரியாத எல்பிஜி.

குருதியிலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிசனைவிடக் கார்பன் மோனாக்சைடை 200 முதல் 250 மடங்கு வரை இறுகப் பற்றிக்கொள்கிறது. ஆகையால் காற்றில் மிகச் சிறிய அளவில் இருந்தாலும் அது நேரம் செல்லச் செல்லக் குருதியில் சேர்ந்துகொண்டே போகும். எஞ்சிய ஹீமோகுளோபின் சுமக்கும் ஆக்சிசனும் திசுக்களுக்கு எளிதில் விடுபடுவதில்லை. மூளையும் இதயமும் முதலில் பாதிக்கப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனம் வீட்டுக் காற்றுக்காக 2010ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில், ஒரு கன மீட்டர் காற்றில் 15 நிமிடங்களுக்கு 100 மில்லிகிராம், ஒரு மணி நேரத்திற்கு 35 மில்லிகிராம், 8 மணி நேரத்திற்கு 10 மில்லிகிராம் என வரம்புகள் தரப்பட்டுள்ளன. காலம் நீள நீள வரம்பு இறங்குவதைக் காண்க.

நன்றாகச் சீரமைக்கப்பட்ட எரிமுனை (பர்னர்) புதிய காற்றில் மிகக் குறைந்த கார்பன் மோனாக்சைடையே தருகிறது. ஆபத்து இரு வழிகளில் வருகிறது. ஒன்று, எரிமுனையின் துளைகளில் தூசி, துணியிழை, சிலந்திக்கூடு முதலியன அடைத்துக்கொண்டு காற்றும் வாயுவும் கலக்கும் விகிதம் கெடுவது. அலங்காரக் கட்டைகளை இடம் மாற்றி அடுக்கிச் சுடர் அவற்றில் மோதுமாறு செய்வதும் இவ்வகையைச் சேரும். மற்றொன்று, கணப்பு தன் கழிவையே மீண்டும் உள்ளிழுப்பது. புகைபோக்கியற்ற கணப்பு எரிவதற்கு எடுக்கும் காற்றும் அது கழிவை விடும் காற்றும் ஒன்றே. அறையில் ஆக்சிசன் குறையக் குறையச் சுடர் பலவீனமடைந்து கார்பன் மோனாக்சைடு மிகுகிறது. இவ்வுயர்வு சீரானதன்று. நெடுநேரம் சிறிதளவே இருந்துவிட்டுப் பின்னர்த் திடீரெனப் பன்மடங்காகும். முதல் ஒரு மணி நேரம் எதுவும் நேரவில்லை என்பது மூன்றாம் மணி நேரத்திற்கு உறுதியளிப்பதில்லை.

ஆக்சிசன் குறைவு உணரி

இவ்வாபத்தைத் தடுப்பதற்கான முதன்மையான பாதுகாப்பு ஆக்சிசன் குறைவு உணரி ஆகும். பெயரைக் கேட்டு இதை ஒரு மின்னணுக் கருவி என எண்ணிவிடலாகாது. இது ஓர் எளிய, அழகான இயந்திர உத்தி. கணப்பில் எப்போதும் எரியும் சிறிய பைலட் சுடர், ஒரு வெப்ப மின்னிரட்டையின் நுனியைத் தொட்டுக்கொண்டிருக்கும். சூடான மின்னிரட்டை தரும் சிறு மின்னோட்டம் ஒரு மின்காந்தத்தை இயக்கி வாயு வால்வைத் திறந்து வைக்கிறது. ஆக்சிசன் குறைந்தால் சுடர் தன் துளையிலிருந்து நீண்டு விலகி எழும் வகையில் பைலட் துளை மிகத் துல்லியமாக அமைக்கப்பட்டுள்ளது. அறையில் ஆக்சிசன் சுமார் 18 விழுக்காட்டுக்கு இறங்கியதும் சுடர் மின்னிரட்டையை விட்டு விலகுகிறது. மின்னிரட்டை குளிர்கிறது, மின்னோட்டம் நிற்கிறது, வால்வு மூடிக்கொள்கிறது.

ஐக்கிய அமெரிக்காவில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1980ஆம் ஆண்டு இவ்வுணரியைக் கட்டாயமாக்கும் விதியை வெளியிட்டது. தொழில்துறையின் தன்விருப்பத் தரமே அதை வலியுறுத்துவதால் தனி விதி தேவையில்லை எனச் சில ஆண்டுகளில் அவ்விதியை விலக்கிக்கொண்டது. உணரி வந்த பின் அங்கு விற்கப்பட்ட கணப்புகள் முந்தையவற்றைவிடப் பெரிதும் பாதுகாப்பானவை என்பதில் ஐயமில்லை.

எனினும் இவ்வுணரி எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்வது இன்றியமையாதது. இது கார்பன் மோனாக்சைடை அளப்பதில்லை. ஆக்சிசன் குறைவதால் மட்டுமே கார்பன் மோனாக்சைடு மிகும் என்ற கருதுகோளின் மீது இது நிற்கிறது. காற்றோட்டம் உள்ள அறையில், அடைபட்ட முதன்மை எரிமுனை நச்சுவளிமத்தைக் கக்கிக்கொண்டிருந்தாலும், ஆக்சிசன் 20 விழுக்காடு இருக்கும்வரை உணரி அமைதியாகவே இருக்கும். நைட்ரசன் டைஆக்சைடையும் அது அறியாது. மேலும் பைலட் துளையில் தூசி படிந்தால் அதன் இயல்பே மாறிவிடும். ஒன்றை அளந்து மற்றொன்றை ஊகிக்கும் எந்த முறைக்கும் உள்ள குறை இது.

உயரமான இடங்களில் இவ்வுணரி கொண்ட கணப்புகள் காரணமின்றி அணைந்துவிடுவதுண்டு. அப்போது எரிச்சலுற்று உணரியைச் செயலிழக்கச் செய்வது கருவியின் ஒரே காவலைப் போக்கிவிடுவதாகும்.

இதனால் தனியாக ஒரு கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் வைக்க வேண்டும் எனப் பரிந்துரைக்கப்படுகிறது. இது மின்வேதியியல் முறையில் அவ்வளிமத்தையே அளக்கிறது. அமெரிக்கத் தரமான யு.எல். 2034இன்படி, மில்லியனில் 400 பங்கு இருந்தால் 4 முதல் 15 நிமிடங்களுக்குள்ளும், 70 பங்கு இருந்தால் 1 முதல் 4 மணி நேரத்திற்குள்ளும் அது ஒலிக்க வேண்டும். இதன் உணரும் பகுதிக்குக் குறிப்பிட்ட ஆயுள் உண்டு. பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகளில் மாற்றியாக வேண்டும். புகை எச்சரிப்பான் வேறு, இது வேறு. புகை எச்சரிப்பான் கார்பன் மோனாக்சைடுக்கு ஒலிக்காது.

நைட்ரசன் டைஆக்சைடும் பள்ளிக்கூட ஆய்வுகளும்

சுடர் நீலமாக இருந்தால் நன்று, மஞ்சளாக இருந்தால் தீது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. கார்பன் மோனாக்சைடையும் புகைக்கரியையும் பொறுத்தவரை இது ஓரளவு சரியே. ஆனால் நன்கு எரியும் நீலச் சுடர் மிகுந்த வெப்பமுடையது. அவ்வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரசனும் ஆக்சிசனும் இணைந்து நைட்ரசன் ஆக்சைடுகளை உண்டாக்குகின்றன. இவற்றுள் நைட்ரசன் டைஆக்சைடு மூச்சுக்குழாய்களை உறுத்துவது, ஈளைநோய் (ஆஸ்துமா) உள்ள குழந்தைகளுக்குக் கேடு செய்வது. அதாவது, கருவி பழுதின்றிச் சரியாக இயங்கும்போதும் உண்டாகும் மாசு இது. பீங்கான் தகட்டு வகைகளில் எரிதல் வெப்பநிலை குறைவாதலால் இம்மாசும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு இதற்கான ஆண்டுச் சராசரி வரம்பைக் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமிலிருந்து 10 மைக்ரோகிராமாகக் குறைத்தது.

இது குறித்த நல்ல ஆய்வுகள் பல ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்துள்ளன. 2004ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 18 தொடக்கப் பள்ளிகளுள் சிலவற்றில் மட்டும் புகைபோக்கியற்ற கணப்புகள் மாற்றப்பட்டன. மாற்றப்பட்ட பள்ளிகளில் ஈளைநோயுள்ள மாணவரிடையே மூச்சுத்திணறல் முதலிய அறிகுறிகள் குறைந்தன.

நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசுப் பள்ளிகளில் இத்தகைய கணப்புகள் பல்லாயிரக்கணக்கில் நிறுவப்பட்டிருந்தன. அவை நைட்ரசன் ஆக்சைடு குறைவாக வெளிவரும்படி வடிவமைக்கப்பட்ட வகையாதலால் தீங்கற்றவை எனக் கருதப்பட்டது. கணப்பு எரியும்போது வகுப்பறைச் சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும் என்பது விதி. குளிர்காலக் காலையில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கணப்பேற்றுவது எவ்வாறு என்ற கேள்வியும், குழந்தைகளின் உடல்நலம் பற்றிய அச்சமும் சேர்ந்து பெற்றோரிடையே எதிர்ப்பை வளர்த்தன. 2010ஆம் ஆண்டு வெளியான வூல்காக் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, 22 பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்டது. புகைபோக்கியுள்ள கணப்பும் அற்ற கணப்பும் மாறி மாறி இயக்கப்பட்டன. எது எப்போது இயங்கியது என்பது மாணவருக்குத் தெரியாது. புகைபோக்கியற்றது இயங்கிய காலத்தில் நைட்ரசன் டைஆக்சைடின் சராசரி அளவு பில்லியனில் 31.6 பங்கு, மற்றது இயங்கியபோது 17.5 பங்கு. ஃபார்மால்டிகைடும் மிகுந்திருந்தது. மாலை நேர இருமலும் காலை நேர மூச்சிரைப்பும் கூடின. நுரையீரல் செயல்திறன் அளவீடுகளில் மாற்றம் காணப்படவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் குறிப்பிட்டனர். அதன் பின்னர் மாநில அரசு குளிர் மிகுந்த பகுதிகளில் தொடங்கி இக்கணப்புகளைப் படிப்படியாக மாற்றத் தொடங்கியது.

நியூசிலாந்தில் ஈளைநோயுள்ள 409 குழந்தைகளின் வீடுகளில் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. மின்கணப்போ புகைபோக்கியற்ற எரிவாயுக் கணப்போ இருந்த வீடுகளில் மாசு குறைந்த புதிய கணப்புகள் பொருத்தப்பட்டன. அங்கும் நுரையீரல் அளவீடு கணிசமாக மாறவில்லை. ஆனால் இருமலும் இரவு மூச்சிரைப்பும் குறைந்தன, குழந்தைகள் பள்ளிக்கு வராத நாட்கள் குறைந்தன, வரவேற்பறையின் நைட்ரசன் டைஆக்சைடு ஏறத்தாழ பாதியானது.

ஈரமும் வாடையும்

முன்னர்க் கூறிய 3 கிலோவாட் கணப்பு மணிக்கு ஏறத்தாழ 360 கிராம் நீராவியை அறைக்குள் விடுகிறது. 20 பாகை செல்சியசு வெப்பநிலையில் அந்த 30 கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய மொத்த நீராவியே 520 கிராம்தான். எஞ்சியது சன்னல் கண்ணாடியிலும் குளிர்ந்த சுவரிலும் அலமாரிக்குப் பின்புறத்திலும் நீராகப் படியும். அங்கே பூஞ்சை வளரும். ஈரம் மிகுந்த அறை மேலும் குளிராகத் தோன்றுவதால் கணப்பை இன்னும் கூட்டுவர்.

கணப்பைப் பயன்படுத்துவோர் மிகுதியாகக் குறைகூறுவது வாடையைப் பற்றியே. பெரும்பாலும் இதற்குக் கணப்பு நேரடிக் காரணமன்று. அறைக்காற்றில் ஏற்கெனவே உள்ள வண்ணப்பூச்சு ஆவி, தரை மெருகு, தலைமுடித் தெளிப்பான், துப்புரவு நீர்மம் முதலியன சுடரின் வழியே சென்று பாதி எரிந்து கடுமையான மணமுடைய ஆல்டிகைடுகளாக மாறுகின்றன. குளோரின் கலந்த கரைப்பான்களாயின் அரிக்கும் தன்மையுள்ள ஐதரசன் குளோரைடும் உண்டாகலாம். இதனால் புதிதாக வண்ணம் பூசிய அறையில் இக்கணப்பை ஏற்றக் கூடாது. கோடைக்குப் பின் முதன்முறை ஏற்றும்போது படிந்த தூசி கருகும் மணம் சிறிது நேரம் இருப்பது இயல்பு. கண் எரிச்சலும் வாடையும் நாள்தோறும் தொடருமாயின் அது இயல்பன்று.

தாமன் நிகழ்வு

நேபாளத்தின் மலைப்பகுதி விடுதிகளில் உருளையுடன் கூடிய எரிவாயுக் கணப்புகள் பயன்படுகின்றன. மக்வான்பூர் மாவட்டத்திலுள்ள தாமன், சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் அமைந்த மலைச்சுற்றுலாத் தலம் (இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள தாமன் வேறு). 2020ஆம் ஆண்டு சனவரி 20 அன்று இரவு கேரளத்திலிருந்து சென்ற 15 பேர் கொண்ட சுற்றுலாக் குழு அங்கு ஒரு விடுதியில் தங்கியது. அவர்களுள் எட்டுப் பேர் ஒரே அறையில் எரிவாயுக் கணப்பை ஏற்றிவைத்து உறங்கினர். கதவும் சன்னல்களும் உள்ளிருந்து தாழிடப்பட்டிருந்தன. மறுநாள் காலை எண்மரும் நினைவிழந்த நிலையில் காணப்பட்டனர். உலங்கூர்தி மூலம் காத்மாண்டு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டும் ஒருவரும் பிழைக்கவில்லை. இறந்தோருள் நால்வர் குழந்தைகள்.

இந்நிகழ்வில் மேற்கூறிய கூறுகள் பல ஒருங்கே அமைந்திருப்பதைக் காணலாம். உயரமான இடம், அடைத்த அறை, இரவு முழுதும் எரிதல் ஆகியவற்றுடன், எண்மரின் மூச்சும் சேர்ந்து ஆக்சிசனைக் குறைத்தது. வெப்பமான கடலோரப் பகுதியிலிருந்து செல்வோர்க்குக் கணப்பு பழக்கமில்லாத பொருள். தமிழகத்திலிருந்து இமயமலைப் பகுதிகளுக்குச் செல்வோர்க்கும் இது பொருந்தும். உதகமண்டலம், கொடைக்கானல் விடுதிகளில் குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்து உறங்கி இறந்த செய்திகள் அவ்வப்போது வெளிவருகின்றன. எரிபொருள் வேறாயினும் கொல்லும் வளிமம் ஒன்றே.

குளியலறை எரிவாயு நீர்சூடேற்றி

இந்தியச் சூழலில் இக்கணப்பைவிடப் பரவலானது, எல்பிஜியால் இயங்கும் நீர்சூடேற்றி (கேஸ் கீசர்). இதுவும் புகைபோக்கியின்றிப் பொருத்தப்பட்டால் அதே சிக்கலை உடையது. ஆனால் இதில் நேரம் மிகவும் சுருங்கிவிடுகிறது. நிமிடத்திற்கு 6 லிட்டர் நீரை 25 பாகை சூடாக்க 10 கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் தேவை. இழப்பையும் சேர்த்தால் கருவி ஏறத்தாழ 12 கிலோவாட் அளவில் எரிய வேண்டும். இது மேற்கூறிய கணப்பைப்போல் நான்கு மடங்கு. குளியலறையோ 7 கன மீட்டர் அளவே இருக்கும். காற்று உட்புகாத குளியலறையில் இக்கருவி 10 நிமிடங்கள் எரிந்தால் ஆக்சிசன் 15 விழுக்காட்டை நெருங்கிவிடும். ஒரு குளியலுக்கு ஆகும் நேரம் இது.

குளியலறையில் மயங்கி விழுந்தோரும் வலிப்பு வந்தோரும் குறித்து இந்திய மருத்துவ இதழ்களில் பல கட்டுரைகள் வந்துள்ளன. இவர்களுள் சிலர் முதலில் கால்கை வலிப்பு நோயாளிகள் எனத் தவறாகக் கருதப்பட்டு அதற்கான மருந்தைப் பெற்றனர். குளியலறையில் மட்டும், குளிர்காலத்தில் மட்டும் வரும் வலிப்பு என்பதே மருத்துவரின் ஐயத்தைக் கிளப்ப வேண்டிய குறிப்பு. இக்கருவியைக் குளியலறைக்கு வெளியே, திறந்த காற்றில் பொருத்தி, சுடுநீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டுவருவதே முறையான தீர்வு. மேலே சிறு துளைச் சாளரம் இருக்கிறது என்பது போதாது. உள்ளே வரும் காற்றுக்குக் கீழே ஒரு வழியும் வெளியேறும் காற்றுக்கு மேலே ஒரு வழியும் தேவை.

சட்ட நிலை

நாடுகளிடையே ஒத்த கருத்து இல்லை. ஐக்கிய அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் இக்கணப்பை அனுமதிக்கின்றன. கலிபோர்னியா குடியிருப்புகளில் இதைத் தடை செய்துள்ளது. அமெரிக்கத் தரத்தின்படி இக்கணப்பின் உச்சத் திறன் மணிக்கு 40,000 பி.டி.யு. (ஏறத்தாழ 11.7 கிலோவாட்). படுக்கையறையில் 10,000, குளியலறையில் 6,000 பி.டி.யு. மட்டுமே பொருத்தலாம். நியூசிலாந்தில் வாடகை வீடுகளுக்கான 2019ஆம் ஆண்டின் தரவிதிகள், வீட்டு உரிமையாளர் தர வேண்டிய நிலையான சூடேற்றியாகப் புகைபோக்கியற்ற கணப்பை ஏற்பதில்லை. ஆயினும் குடியிருப்போர் தாமே வாங்கிப் பயன்படுத்துவதை அவை தடுக்கவில்லை. மின்கட்டணம் கட்ட இயலாத வீடுகளில் ஓர் உருளையை வாங்கி, காசுள்ள அளவுக்கு எரித்துக்கொள்ளலாம் என்பதே இக்கருவியை அங்கு நிலைநிறுத்துகிறது.

நச்சேற்றத்தின் அறிகுறிகளும் முதலுதவியும்

கார்பன் மோனாக்சைடு நச்சேற்றத்தின் தொடக்க அறிகுறிகள் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், சோர்வு ஆகியனவாகும். காய்ச்சலின்றி இவை வருவதும், ஒரே வீட்டிலுள்ள பலருக்கு ஒரே நேரத்தில் வருவதும், வெளியே சென்றால் குறைந்து வீடு திரும்பினால் மீள்வதும் முக்கியமான குறிப்புகள். அளவு மிகும்போது குழப்பமும் கால் தளர்ச்சியும் ஏற்படும். ஆபத்தை உணர்ந்த பின்னும் எழுந்து கதவைத் திறக்க இயலாமல் போவது இதனால்தான். உறங்குபவர் எதையும் உணராமலேயே நினைவிழப்பார்.

ஐயம் எழுந்தால் அனைவரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும். போகும் வழியில் கதவு சன்னல்களைத் திறந்து, இயலுமாயின் கணப்பை அணைக்கலாம். அணைப்பதற்காக உள்ளே தாமதிக்கக் கூடாது. மயங்கியவரை மீட்க உள்ளே செல்பவரும் அதே காற்றையே சுவாசிக்கிறார் என்பதை மறத்தலாகாது.

தேறிவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் செல்வது தேவை. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் குருதியிலுள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியாகத் தூய ஆக்சிசன் அளித்தால் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். சில நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து நினைவாற்றல் குறைவு, நடத்தை மாற்றம் போன்றவை தோன்றுவதும் உண்டு.

விரலில் மாட்டும் ஆக்சிசன் அளவி (பல்ஸ் ஆக்சிமீட்டர்) 2020ஆம் ஆண்டின் கொரோனா காலத்திற்குப் பின் பல வீடுகளில் உள்ளது. இந்நச்சேற்றத்தில் அதை நம்பக் கூடாது. சாதாரண அளவி, கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிசன் ஏறியதாகவே கணக்கிட்டுவிடும். உயிருக்குப் போராடுபவரின் விரலிலும் அது 98 விழுக்காடு எனக் காட்டலாம். மருத்துவமனையில் குருதியை எடுத்துக் கார்பாக்சிஹீமோகுளோபின் அளவைத் தனியே ஆய்ந்தால்தான் உண்மை தெரியும். ஆகவே அழைத்துச் செல்பவர், கணப்போ நீர்சூடேற்றியோ எரிந்துகொண்டிருந்தது என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.